டோக்கன் ஜன்னல் பாஞ்சாலியும் நாற்பத்திரண்டு கேள்விகளும்

மனசு சரியில்லாமல் வருகிறவர்களுக்கு டோக்கன் கொடுத்து, முறை வந்ததும் பெயர் சொல்லிக் கூப்பிடுவது பாஞ்சாலியக்காவின் வேலை. பெங்களூரில் அல்சூர் ஏரியிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருந்தது அந்தத் தனியார் மனநல மையம். நான் அங்கே ஏழு வருஷம் மருந்துக் கவுன்ட்டரில் நின்றேன். அவர் ஜன்னலும் என் ஜன்னலும் எதிரெதிர். நடுவில் நாற்பது நாற்காலி. ஆகவே இதில் பெரும்பகுதி நான் கண்ணால் பார்த்தது. மிச்சம் மதியச் சாப்பாட்டின்போது அக்கா சொன்னது.

அக்காவுக்கு அப்போது நாற்பத்தாறு வயது. மர்ஃபி டவுனில் பிறந்து, அங்கேயே கல்யாணமாகி, அங்கேயே இருப்பவர். கணவர் எத்திராஜ் தண்ணீர் லாரி ஓட்டுகிறார். மகள் சௌம்யாவுக்கு வைட்ஃபீல்டில் ஒரு கம்பெனியில் வேலை. இந்த வேலைக்கு வருவதற்கு முன்னால் அக்கா ஒசூர் ரோட்டில் ஒரு கார்மென்ட்ஸில் பதினோரு வருஷம் சட்டைக் காலர் தைத்தார். "ஊர்ல இருக்கற கழுத்துக்கெல்லாம் காலர் வெச்சு என் கழுத்து போயிடுச்சு" என்பார். தமிழ், கன்னடம், தக்னி உருது மூன்றும் தண்ணீர் பட்ட பாடு. தெலுங்கு, சண்டை போடும் அளவுக்குத் தெரியும். இங்கிலீஷ், டாக்டர் கோபித்துக்கொள்ளாத அளவுக்கு.

டாக்டர் கோதண்டராமன்தான் மையத்தின் தலைவர். சீமையில் இரண்டு வருஷம் படித்தவர். அதைப் பற்றி முப்பது வருஷமாகப் பேசிக்கொண்டிருந்தார். கெட்ட மனிதர் இல்லை. ஒரு நோயாளியை உட்கார வைத்து நிதானமாகப் பேச ஆரம்பித்தாரானால் அவரைப் போல இன்னொருவர் கிடையாது. ஆனால் நிதானமாகப் பேச அவருக்கு நேரம் எங்கே? ஒரு நாளைக்கு எழுபது பேர். ஆளுக்கு நாலு நிமிஷம். அதில் ஒரு நிமிஷம் கம்ப்யூட்டர் பாஸ்வேர்டுக்குப் போய்விடும்.

அக்கா வீட்டுச் சுவரில் புத்தர் படம் இருக்கிறது, அவர் அப்பா காலத்திலேயே பௌத்தம் ஏற்றுக்கொண்ட குடும்பம் என்று ஒருநாள் யாரோ டாக்டரிடம் சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து அவருக்கு அக்காவின் மேல் தனி மரியாதை. "பாஞ்சாலி, உங்களுக்கெல்லாம் மைண்ட்ஃபுல்னெஸ் ரத்தத்துலயே இருக்கும், இல்லையா?" என்று கேட்டார்.

"ரத்தத்துல சுகர்தான் சார் இருக்குது" என்றார் அக்கா.

அந்த வருஷம் டாக்டருக்கு ஓர் ஆசை வந்தது. வெளிநாட்டு அமைப்பு ஒன்று ஆராய்ச்சிக்கு உதவ முன்வந்திருந்தது. எங்கள் எல்லோரையும் மீட்டிங் ஹாலில் உட்கார வைத்து, திரையில் இரண்டு வட்டங்களைக் காட்டினார். ஒன்று நீலம், இன்னொன்று ஆரஞ்சு.

"பயம் ஒரு வியாதி. மனச்சோர்வு இன்னொரு வியாதி. நம்ம ஜனங்க ரெண்டையும் போட்டுக் குழப்பி 'மனசு சரியில்ல'ன்னு ஒரே வார்த்தையில சொல்லிடறாங்க. நாம ஒரு ஃபார்ம் தயார் பண்ணப் போறோம். நாற்பத்திரண்டு கேள்வி. இருபத்தொண்ணு பயத்துக்கு, இருபத்தொண்ணு சோர்வுக்கு. நோயாளியே படிப்பான், நோயாளியே டிக் அடிப்பான். கூட்டிப் பார்த்தா எந்த வியாதின்னு பத்து நிமிஷத்துல தெரிஞ்சிடும். டாக்டர் பேசவே வேண்டியதில்ல. ஞாபகம் வெச்சுக்கோங்க, ரெண்டும் ரெண்டு ஜாதி. கலக்கக் கூடாது."

வெளியே வந்ததும் அக்கா என்னிடம் சொன்னார்: "பார்த்தியா தம்பி, சார் வியாதிக்கும் ஜாதி பிரிச்சுட்டாரு."

கேள்விகள் இங்கிலீஷில் இருந்தன. அவற்றைத் தமிழாக்கும் பொறுப்பு ஓர் ஏஜென்சிக்குப் போனது. வந்த தமிழைப் பார்த்தபோது இங்கிலீஷே தேவலை என்று தோன்றியது. ஐந்தாவது கேள்வி: "எதிர்வரும் நிகழ்வுகள் குறித்த இனம்புரியா அச்சவுணர்வு என்னை ஆட்கொண்டது." பதினெட்டாவது: "இன்பம் பயக்கும் செயற்பாடுகளில் நாட்டம் குன்றியிருந்தது." ஒவ்வொன்றுக்கும் நேரே நாலு கட்டம்: அறவே இல்லை, ஓரளவு, கணிசமாக, மிகையாக.

இதை யார் கையில் கொடுத்தார்கள் என்றால், சிவாஜிநகரில் துணிக்கடை வாசலில் நின்று ஆள் கூப்பிடுகிறவர், ஆனேக்கல் பக்கம் கல் குவாரியில் வேலை செய்தவர், கோல்ஸ் பார்க் அருகே நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிற அம்மா. எல்லோருக்கும் ஆளுக்கொரு அட்டை, நூலில் கட்டிய பேனா.

முதல் வாரத்திலேயே வேடிக்கை ஆரம்பித்துவிட்டது. ஒருவர் நாற்பத்திரண்டு டிக்கையும் மூன்றாவது கட்டத்தில் நேர்கோடாக அடித்திருந்தார். ஏன் என்று கேட்டால், "அழகா இருக்கட்டும்னு" என்றார். ஒரு அம்மா எந்தக் கட்டத்தையும் விடாமல் எல்லாவற்றிலும் டிக் போட்டிருந்தார். விட்டுப்போனால் மருந்து கிடைக்காதோ என்று பயம். இன்னொருவருக்குப் படிக்கத் தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி நிரப்பினார். கணவரின் துயரங்கள் எல்லாவற்றுக்கும் 'அறவே இல்லை' என்று அடித்துவிட்டு, "இவருக்கு என்னங்க சோகம்? சோகமெல்லாம் எனக்குத்தான். எனக்கு ஒரு ஃபார்ம் குடுங்க" என்றார்.

ஆராய்ச்சியைக் கவனித்துக்கொள்ள ஸ்ரீவித்யா என்ற பெண்ணை நியமித்திருந்தார்கள். மனோதத்துவம் படித்தவள், இருபத்தாறு வயது, நல்ல பெண். அவளே அக்காவிடம் வந்தாள்.

"பாஞ்சாலிக்கா, படிக்கத் தெரியாதவங்களுக்கு நீங்க படிச்சுக் காட்டுங்க. ஆனா ஒரு வார்த்தை மாத்தக் கூடாது. விளக்கம் சொல்லக் கூடாது. முகத்துல எந்த எக்ஸ்பிரஷனும் காட்டக் கூடாது."

"மூச்சு விடலாமா மேடம்?"

ஸ்ரீவித்யா சிரித்துவிட்டாள். ஆனால் விதி விதிதான்.

அந்த விதியை அக்கா ஒன்றரை நாள் காப்பாற்றினார். இரண்டாம் நாள் மத்தியானம் பாத்திரம் தேய்க்கிற அந்த அம்மாவிடம் பதினெட்டாவது கேள்வியைப் படித்தார். 'இன்பம் பயக்கும் செயற்பாடு' என்றதும் அந்த அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "இதையெல்லாமா கேப்பாங்க? அவரு போயே பத்து வருஷம் ஆவுது."

அக்கா அட்டையைக் கீழே வைத்தார். "அதில்லம்மா. முன்னெல்லாம் டீவி பாப்பே, பக்கத்து வீட்டுல போய் பேசிட்டு வருவே, பூ கட்டுவே. இப்போ அதெல்லாம் செய்யணும்னு தோணுதா?"

"அதுவா? பூக்காரி கூப்பிட்டா கூட ஜன்னலைச் சாத்திடறேன்மா."

அக்கா 'மிகையாக' என்பதில் டிக் அடித்தார். அன்றிலிருந்து கேள்விகள் இரண்டு தடவை மொழிபெயர்க்கப்பட்டன. இங்கிலீஷிலிருந்து ஏஜென்சித் தமிழுக்கு ஒரு தடவை; ஏஜென்சித் தமிழிலிருந்து தமிழுக்கு ஒரு தடவை.

இதெல்லாம் சௌம்யாவுக்கு ஆச்சரியமாகவே இல்லை. அவள் கம்பெனியில் ஒவ்வொரு திங்கட்கிழமையும் செல்போனில் ஒரு கேள்வி வரும்: இந்த வாரம் உங்கள் மனநிலை எப்படி? ஐந்து முகம். அழுகிற முகத்திலிருந்து சிரிக்கிற முகம் வரை. பெயர் தெரியாது, ரகசியம் என்று சொல்லித்தான் ஆரம்பித்தார்கள். அழுகிற முகத்தைத் தொட்ட ஒரு பெண்ணை மேனேஜர் புதன்கிழமையே தனியாகக் கூப்பிட்டு, "ஏதாவது பிரச்சினையா? வேலை பளுவா இருந்தா வேற ஆளைப் பாக்கலாம்" என்று அன்பாக விசாரித்தாராம். அடுத்த திங்கட்கிழமை அந்த மாடி முழுவதும் ஒரே சிரிப்பு. "மாசக் கடைசியில எங்களுக்குக் கேக் குடுத்தாங்கம்மா, ஆனந்தமான டீம்னு" என்று சௌம்யா சொன்னாளாம்.

ஆறு மாதத்தில் இருநூற்று நாற்பது ஃபார்ம் சேர்ந்தது. இந்த ஆராய்ச்சிக்காக மட்டும் டாக்டரே ஒவ்வொரு நோயாளியுடனும் அரைமணி நேரம் பேசி, இது பயம், இது சோர்வு என்று தனியாகக் குறித்து வைத்திருந்தார். ஃபார்ம் சொல்வதும் டாக்டர் சொல்வதும் பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். அந்தக் கணக்கைப் போட சாய்கிருஷ்ணா என்ற புள்ளியியல் நிபுணர் வந்தார். கண்ணாடி, முதுகில் பை, அளந்து வைத்தாற்போல நாலு வார்த்தை.

மீட்டிங்கில் அவர் திரையில் காட்டியது இரண்டு வட்டம் இல்லை. ஒரே ஒரு பெரிய கறை.

"சார், பயத்துல அதிக மார்க் வாங்கினவங்க சோர்வுலயும் அதிகம் வாங்கறாங்க. கம்மியா வாங்கினவங்க ரெண்டுலயும் கம்மி. கஷ்டம் எவ்வளவுன்னு ஃபார்ம் சொல்லுது. எந்தக் கஷ்டம்னு சொல்லல."

டாக்டர் வெகுநேரம் திரையைப் பார்த்தார். பிறகு, "நோயாளிகள் தப்பா நிரப்பியிருக்காங்க" என்றார்.

விஞ்ஞானம் தோற்றதாகச் சரித்திரமே இல்லை. நோயாளிகள்தான் தோற்பார்கள்.

யார் தப்பு என்று கண்டுபிடிக்க ஃபார்ம் கட்டுகளைப் பிரித்தார்கள். டாக்டர் ஒன்றை எடுத்து உயர்த்திப் பிடித்தார். இடது மூலையில் பென்சிலால் சின்னதாக 'உ' என்று போட்டிருந்தது. இன்னொன்று எடுத்தார். அதிலும் 'உ'.

"யார் இது? விஞ்ஞானத்துல பிள்ளையார் சுழி எதுக்கு?"

அக்காவைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். மருந்து லிஸ்டைக் கொடுக்க நானும் பின்னாலேயே போனேன். லிஸ்ட் அன்றைக்கு அவசரமில்லை என்பது வேறு விஷயம்.

"நாங்க பிள்ளையார் சுழி போடறதில்ல சார்" என்றார் அக்கா.

"அப்போ இது என்ன?"

"அது 'உ'. உக்காந்தே இருக்கறவங்க. சில ஃபார்ம்ல 'கே'ன்னு இருக்கும் பாருங்க. அது கேட்டுக்கிட்டே இருக்கறவங்க."

யாருக்கும் புரியவில்லை. அக்கா நிறுத்தி நிதானமாகச் சொன்னார். டோக்கன் வாங்கின அடுத்த நிமிஷமே சிலர் ஜன்னலுக்கு வந்துவிடுவார்கள். என் நம்பர் எப்போ, எனக்கு முன்னாடி எத்தனை பேரு, டாக்டர் வந்துட்டாரா, நான் பாத்ரூம் போனா தாண்டிப் போயிடுமா, 'நம்பர் யாவாக பருத்தெ மேடம்?', 'மேரா நம்பர் கப் ஆதா?' என்று மூன்று பாஷையிலும் கேட்பார்கள். பதில் சொன்னால் நாற்காலி வரை போய், உட்காராமல் திரும்பி வருவார்கள். அவர்களுக்கு 'கே'. இன்னும் சிலர், பெயரை மூன்று தடவை சத்தமாகக் கூப்பிட்டாலும் எழுந்திருக்க மாட்டார்கள். காது கேட்கும். தலையைக்கூடத் திருப்புவார்கள். ஆனால் எழுந்திருக்கத் தோன்றாது. அக்காதான் ஜன்னலை விட்டு இறங்கிப் போய்க் கையைப் பிடித்துத் தூக்கிக் கூட்டிவர வேண்டும். அவர்களுக்கு 'உ'.

"யாரை முன்னாடியே சமாதானப்படுத்தணும், யாரைப் போய்க் கூட்டியாரணும்னு எனக்குத் தெரியணுமில்ல சார். அதுக்குப் போட்டுக்கிட்டேன். அழிச்சுடட்டுமா?"

"வேணாம்!" என்று கத்தினார் சாய்கிருஷ்ணா. அவர் அவ்வளவு சத்தமாகப் பேசி யாரும் கேட்டதில்லை. அன்று சாயங்காலமே கணக்குப் போட்டுக் கொண்டுவந்தார். பென்சில் எழுத்து இருந்த ஃபார்ம்களில் பத்துக்கு எட்டில், டாக்டர் அரைமணி நேரம் பேசிக் கண்டுபிடித்ததும் அக்கா மூலையில் கிறுக்கியதும் ஒன்று. 'கே' என்றால் பயம். 'உ' என்றால் சோர்வு.

டாக்டர் இடத்தில் வேறு யாராவது இருந்திருந்தால் அக்காவுக்கு ஒரு கை குலுக்கலாவது கிடைத்திருக்கும். எங்கள் டாக்டர் இரண்டு நாள் அறையை விட்டு வெளியே வரவில்லை. மூன்றாம் நாள் ஃபார்மில் நாற்பத்து மூன்றாவது கேள்வி ஒன்று சேர்ந்தது: "காத்திருக்கும் வேளையில் என் முறை குறித்து அடிக்கடி வினவினேன்." அறவே இல்லை, ஓரளவு, கணிசமாக, மிகையாக.

இதை முதலில் நிரப்பியவர் வைட்ஃபீல்டிலிருந்து வந்த கேசவ் என்ற சாஃப்ட்வேர்காரர். ஜன்னலுக்கு ஒன்பது தடவை வந்தார், நான் எண்ணினேன். நாற்பத்து மூன்றாவது கேள்விக்கு 'அறவே இல்லை' என்று அடித்துவிட்டு, அட்டையைக் கையில் பிடித்தபடி பத்தாவது தடவை வந்தார். "மேடம், ஃபில் பண்ணிட்டேன். இப்ப கூப்பிட்டுருவாங்களா? பொய் சொல்லல மேடம், நான் எங்க அடிக்கடி கேட்டேன்? ஒரு ரெண்டு தடவ இருக்கும்."

புதிய கேள்வியாலும் பயன் இல்லை என்றதும் டாக்டருக்கு ஞானம் பிறந்தது. கோளாறு கேள்வியில் இல்லை; கேள்விக்கும் நோயாளிக்கும் நடுவில் நிற்கிற மனுஷியில்தான். பன்னிரண்டு டேப்லெட் கம்ப்யூட்டர் வந்து இறங்கியது. கேள்வியை அதுவே வாசிக்கும். செய்தி வாசிக்கிறவர் மாதிரி ஒரு பெண் குரல்; இருமாது, தும்மாது, பூக்காரியைப் பற்றிக் கேட்காது. முடிந்ததும் மொத்த மார்க்கைக் கூட்டி, நீலமா ஆரஞ்சா என்று சொல்லும். மார்க் பத்துக்குக் கீழே இருந்தால் பச்சை நிறத்தில் ஒரு சிரித்த முகம் வந்து, "வாழ்த்துகள்! தாங்கள் நலமாக உள்ளீர்கள். தற்போது மருத்துவரைக் காணத் தேவையில்லை" என்று சீட்டு அச்சாகும். கூட்டம் குறையுமாம்.

அக்காவை டோக்கன் ஜன்னலிலிருந்து எடுத்து, டேப்லெட்டுகளைத் துடைத்துச் சார்ஜ் போடும் வேலைக்கு மாற்றினார்கள். பழைய நோட்டுப் புத்தகங்கள் அடுக்கியிருந்த பின்னறையில் ஒரு ஸ்டூல். அக்கா கோபப்படவில்லை. ஆனால் மத்தியானச் சாப்பாட்டில் பேச்சு குறைந்துபோனது. "ஃபேக்டரியிலயாவது மெஷினை நான் ஓட்டினேன்" என்று ஒருநாள் சொன்னார். அவ்வளவுதான்.

அந்த மாதம் வெளிநாட்டு அமைப்பிலிருந்து மூன்று விருந்தினர்கள் வந்தார்கள். டாக்டர் அறையில் ஏலக்காய் டீயும் பிஸ்கட்டும் போய்க்கொண்டிருந்தன. அன்றைக்குத்தான் முனியப்பனும் வந்தார்.

முனியப்பனுக்கு ஐம்பத்து மூன்று வயது. ஆனேக்கல் பக்கத்தில் ஒரு ஃபேக்டரியில் செக்யூரிட்டி. மனைவி மரகதம் காலையில் பஸ்ஸில் கூட்டிவந்து, முதல் வரிசையில் உட்கார வைத்து, தன் வேலைக்கு லீவு கிடைக்காததால் ஓடினார். போகிறபோது என் கவுன்ட்டரில் நின்று, "அண்ணா, அவரு பேசமாட்டாரு. பாத்துக்கோங்க" என்றார். நான் சரி என்று தலையாட்டினேன். தலையாட்டியதோடு சரி.

ஒரு டேப்லெட்டை முனியப்பன் மடியில் வைத்தார்கள். அந்தக் குரல் கேள்விகளை வாசித்தது. அவர் விரல் திரையில் முதலில் பட்ட இடம் 'அறவே இல்லை'. அங்கேயே நின்றுவிட்டது. நாற்பத்து மூன்று தடவை அதே இடம். இனம்புரியா அச்சம், அறவே இல்லை. நாட்டம் குன்றல், அறவே இல்லை. மொத்த மார்க் பூஜ்யம். பச்சை முகம் சிரித்தது. சீட்டு வந்தது. பூஜ்யம் எடுத்த முதல் ஆள் என்று ஸ்ரீவித்யாகூட மகிழ்ச்சியோடு சொன்னாள். பெங்களூரிலேயே அன்றைக்கு ஆரோக்கியமான மனிதர் அவர்தான்.

பத்தரை மணிக்கு வந்த சீட்டு. இரண்டு மணிக்கு அக்கா டேப்லெட்டுகளை எடுத்துக்கொண்டு போக வந்தபோதும் அவர் அதே நாற்காலியில் இருந்தார். சீட்டு கையில் இருந்தது. நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பஸ்ஸுக்கு நேரம் இருக்கும் போல என்று நினைத்தேன்.

அக்கா டேப்லெட்டுகளைத் தரையிலேயே வைத்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அண்ணே, டாக்டரைப் பாத்தாச்சா?"

அவர் சீட்டை நீட்டினார். "மெஷினு நல்லாருக்கேன்னு சொல்லிடுச்சும்மா."

"நீங்க என்ன சொல்றீங்க?"

அவர் சீட்டை மடித்தார். பிறகு, "எதுக்கு சொல்லணும்" என்றார்.

"வீட்டுக்குப் போலியா?"

"எழுந்துக்கத் தோணல."

"சாப்டீங்களா?"

அவர் யோசித்தார். "முந்தாநேத்து சாப்ட்டேன்னு நெனைக்கறேன்."

"வேற என்ன நெனைக்கறீங்க அண்ணே?"

அவர் முதன்முறையாக அக்காவின் முகத்தைப் பார்த்தார். "யூனிஃபார்மைத் துவைச்சு மடிச்சு கம்பெனியில குடுத்துட்டேன். இனி மரகதத்துக்குப் பேங்கு புக்கு எங்க இருக்குதுன்னு மட்டும் சொல்லணும். அதுக்கப்புறம் ஒரு வேலையும் இல்ல."

அக்கா அதற்கு மேல் கேட்கவில்லை. அவர் கையைப் பிடித்துத் தூக்கினார். கழுத்து வலிக்காரி, அவ்வளவு கனமான ஆளைத் தோளில் தாங்கியபடி கூடத்தைக் கடந்து, டாக்டர் அறைக் கதவை முழங்கையால் தள்ளினார். நான் அப்போதுதான் கவுன்ட்டரை விட்டு ஓடினேன்.

உள்ளே திரையில் இரண்டு வட்டம். புது நீலம், புது ஆரஞ்சு. மூன்று விருந்தினர்கள். டாக்டர் கையில் லேசர் விளக்கு.

"பாஞ்சாலி! வாட் இஸ் திஸ்?"

"இவரைப் பாருங்க சார்."

டாக்டர் சீட்டை வாங்கிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. விருந்தினர்கள் பக்கம் திரும்பி, பூஜ்யம் வாங்கிய ஒருவர் உயிரோடு வந்திருப்பதை இங்கிலீஷில் அறிமுகப்படுத்தினார். பிறகு அக்காவிடம், "ஸ்கோர் ஸீரோம்மா. ஹி இஸ் ஃபைன். கூட்டிட்டுப் போங்க."

"சார், சீட்டைப் பாக்காதீங்க. ஆளைப் பாருங்க."

டாக்டர் திட்ட வாயெடுத்தார். எடுத்தவர் தற்செயலாக முனியப்பனின் கண்ணைப் பார்த்துவிட்டார். லேசர் விளக்கை மேஜையில் வைத்தார். சிவப்புப் புள்ளி அணையாமல் பிஸ்கட் தட்டின் மேல் நின்றது. அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு முனியப்பனுக்கு முழங்கால் இடிக்கிற தூரத்தில் உட்கார்ந்தார். "ஐயா, என் பேரு கோதண்டராமன். உங்க பேரென்ன?" என்றார். அந்தக் குரலை நான் அந்த ஏழு வருஷத்தில் நாலைந்து தடவைதான் கேட்டிருப்பேன்.

விருந்தினர்களை வெளியே அனுப்பச் சொல்லிக் கையை மட்டும் ஆட்டினார். ஐம்பது நிமிஷம் பேசினார். வெளியில் இருபத்தெட்டு பேர் காத்திருந்தார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை என்று சொல்ல ஆசைதான், ஆனால் கேசவ் அன்றைக்கும் வந்திருந்தார். முனியப்பனை அன்று மாலையே வார்டில் சேர்த்தார்கள். மரகதம் ஓடிவந்து அக்காவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதார். பத்து நாள் மாற்றி மாற்றி ஆள் இருந்து கவனித்தார்கள். டாக்டர் தினமும் காலையில் முதல் வேலையாக அவரைப் போய்ப் பார்த்தார். இதை நான் சொல்லாமல் விட்டால் பாவம்.

ஆனால் டாக்டர் பதினோராம் நாளே பழையபடி ஆகிவிட்டார். விருந்தினர்கள் அறிக்கையில், இயந்திரத்தோடு மனித உறவையும் இணைத்திருப்பது இந்த மையத்தின் புதுமை என்று எழுதியிருந்தார்களாம். கதவைத் தள்ளிக்கொண்டு வந்ததைத் திட்டமிட்ட செயல்விளக்கம் என்று நினைத்துவிட்டார்கள். டாக்டர் அதை மறுக்கவில்லை. அடுத்த மாதக் கருத்தரங்கில், தாம் நெடுநாளாகச் சிந்தித்து வந்த முறை அது என்று விளக்கினார். ஆராய்ச்சிக் கட்டுரையும் வந்தது. முனியப்பனின் பூஜ்யம் மற்ற எண்களோடு ஒத்துப்போகவில்லை என்று கணக்கிலிருந்து நீக்கப்பட்டது. அப்படி நீக்க முடியாது என்று வாதாடிய சாய்கிருஷ்ணா வேறு வேலைக்குப் போய்விட்டார். கட்டுரையின் கடைசியில் நன்றி சொன்ன இடத்தில் அக்காவின் பெயரும் இருந்தது. 'திரு. பாஞ்சால்' என்று.

ஸ்ரீவித்யாதான் அதைக் கொண்டுவந்து காட்டினாள். அவளுக்குக் கண் கலங்கியிருந்தது.

"விடு மேடம். ஆம்பளையாவாவது பேரு வந்துச்சு" என்றார் அக்கா.

அக்காவை மறுபடி டோக்கன் ஜன்னலுக்கு வரச் சொன்னார் டாக்டர். இப்போது அதன் பெயர் டோக்கன் ஜன்னல் இல்லை. கழுத்தில் மாட்ட ஓர் அட்டையும், அதில் வாயில் நுழையாத ஒரு பதவிப் பெயரும் தயாராக இருந்தன. அக்கா அட்டையை மேஜையிலேயே வைத்துவிட்டு நின்றார்.

"சார், ஒண்ணு கேக்கணும். மார்க் எதுவா இருந்தாலும் சரி, பச்சை மூஞ்சி வந்தவங்களை நான் பாத்துப் பேசின பிறகுதான் வீட்டுக்கு அனுப்பணும். எழுத்துல வேணும்."

"அதெப்படி, அறிவியல்படி..."

"அப்போ நான் சார்ஜே போட்டுக்கிட்டு இருக்கேன் சார்."

ஒரு வாரம் இழுத்தடித்தார். கடைசியில் விருந்தினர்கள் திரும்ப வரும் தேதி நெருங்கியதால் எழுதிக் கொடுத்தார். அந்தக் காகிதத்தை அக்கா நாலாக மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டார். பதவி அட்டையைக் கழுத்தில் மாட்டவே இல்லை. கழுத்து வலி என்று காரணம் சொன்னார். அதற்குப் பிறகு நான் அங்கிருந்த இரண்டு வருஷத்தில், பச்சை முகத்தோடு வெளியே போக இருந்த பதினேழு பேரை அக்கா திருப்பி உள்ளே அனுப்பினார்.

முனியப்பன் மூன்று மாதம் கழித்துப் பரிசோதனைக்கு வந்தார். ஷேவ் செய்து, இஸ்திரி போட்ட சட்டை. கம்பெனியில் யூனிஃபார்மைத் திருப்பி வாங்கியிருந்தார். விதிப்படி அவர் மடியிலும் டேப்லெட்டை வைத்தார்கள். இந்தத் தடவை அவர் ஒவ்வொரு கேள்வியையும் நிறுத்தி இரண்டாவது தடவை வாசிக்க வைத்தார். தூக்கத்தில் குறை உண்டா? உண்டு, பக்கத்து வீட்டு நாய் குரைக்கிறது, மிகையாக. எரிச்சல்? சூப்பர்வைசர் ஞாபகம் வந்தது, மிகையாக. எதிர்காலம் பற்றிய கவலை? ஆனேக்கலுக்கு எப்போது மெட்ரோ வரும்? மிகையாக. அரைமணி நேரம் ஆசை தீரக் குறை சொல்லி முடித்தார்.

சீட்டு வந்தது. மொத்த மார்க் தொண்ணூற்றிரண்டு. பூஜ்யத்திலிருந்து தொண்ணூற்றிரண்டு. "தங்கள் நிலை கணிசமாக மோசமடைந்துள்ளது" என்று சிவப்பு எழுத்து.

முனியப்பன் சீட்டைத் தூக்கிக்கொண்டு நேராக ஜன்னலுக்கு வந்தார். "ஏம்மா, செத்துப்போகலாம்னு உக்காந்திருந்தப்போ நல்லாருக்கேன்னுச்சு. இப்போ ரெண்டு வேளை பிரியாணி சாப்பிட்டு, பஸ்ல கண்டக்டரோட சண்டை போட்டுட்டு வந்திருக்கேன். மோசமாயிட்டேன்னு சொல்லுது. யாரும்மா இந்த மெஷினைச் செஞ்சது? அவனைக் கூப்பிடு!"

கூடமே திரும்பிப் பார்த்தது. அவ்வளவு சத்தம். அக்கா சீட்டை வாங்கிப் படித்தார். படித்துவிட்டு ஜன்னல் மேடையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்க, கண்ணில் தண்ணீர் வருகிற வரை சிரித்தார். பின்னறைக்குப் போனபிறகு அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"டாக்டர் உள்ளதான் இருக்காரு அண்ணே" என்றார். "நேராப் போய் அவர்கிட்டயே கேளுங்க. உங்க டோக்கனை இப்பவே கூப்பிடறேன்."